பூட்டிய அறையில் ஈரம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பூட்டைத் திறந்தவன் சிவகுமார். திறந்த கையோடு "ஐயோ மொதலாளி!" என்று அலறியவனும் அவன்தான். பத்து நிமிஷத்தில் அவன் சட்டைக் காலர் முதலாளி கமலக்கண்ணனின் பிடியில் இருந்தது.

அறைக்குள் அட்டை வெட்டும் மிஷின் செத்துக் கிடந்தது. மனுஷன் செத்தால் ஆரணியில் நாலு தெருவுக்குச் சேதி போகும். இந்த மிஷின் செத்ததற்கோ பாதி ஊர் கூடிவிட்டது. கூடாதா பின்னே? பட்டுப்புடவையில் அன்னமும் மாங்காயும் தானாக வந்து உட்கார்ந்துவிடுமா? அந்த உருவத்தை முதலில் துளை துளையாக அட்டையில் வெட்ட வேண்டும். வெட்டிய அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால்தான் கீழே நெசவில் அன்னம் இறங்கும். கையால் வெட்டினால் வாரக் கணக்கில் இழுக்கும். கமலக்கண்ணன் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர் மிஷின் அதை ஒரு பகலில் முடித்துவிடும். வீட்டின் முன்கட்டில் ஏ.சி. வைத்த கண்ணாடி அறையில் அதை மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தார்.

அந்த மாப்பிள்ளைக்கு இப்போது அடிவயிறெல்லாம் துரு. சுவிட்சைப் போட்டால் கருகல் வாடைதான் வந்தது. பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்று கவிழ்ந்து கிடக்க, அதைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"தண்ணிய மொண்டு ஊத்திட்டான் சார்!" கமலக்கண்ணன் சப்-இன்ஸ்பெக்டர் மாணிக்கவேலிடம் கத்தினார். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூட்டிக்கினு போனவன் இவன். சாவியும் இவன்கிட்டதான் இருந்துச்சு. ரயில்வேல வேலை கெடச்சிடுச்சு, இனிமே நான் எதுக்குன்னு ஊத்திட்டுப் போயிட்டான்!"

வேலை கிடைத்தது நிஜம். வியாழக்கிழமை சென்னையில் போய்ச் சேர வேண்டும். ஆனால் பெயரில் ஒரு போலீஸ் கேஸ் விழுந்தால் அந்த உத்தரவு வெறும் காகிதம். சிவகுமாருக்கு அது தெரியும். நேற்று படவேட்டில் அம்மனுக்கு மொட்டை போட்டுக்கொண்ட தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க, அவன் கான்ஸ்டபிளின் பூட்ஸ் காலருகே தரையில் குந்திக்கொண்டு அழக்கூடத் தோன்றாமல் இருந்தான்.

பதினொன்றரை மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது.

இறங்கியவள் ஜ்வாலாமாலினி. இன்ஷூரன்ஸ் சர்வேயர். வெம்பாக்கம் பக்கத்துச் சமணக் குடும்பம். இன்ஜினீயரிங் படித்துவிட்டுப் பதினைந்து வருஷமாக எரிந்த குடோன், வெடித்த பாய்லர், முழுகிய மோட்டார் என்று இழவு வீடு இழவு வீடாகப் போய்க்கொண்டிருப்பவள். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்த போலீஸ்காரரை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"வாங்க ஜ்வா... ஜவ்வா..." என்று ஆரம்பித்த மாணிக்கவேல், "மேடம்" என்று கரையேறினார். "கிளியர் கேஸ் மேடம். அஞ்சு மணிக்கு எஃப்.ஐ.ஆர். போடறேன். வேணும்னே செஞ்ச சேதம்னு நீங்க ஜல்தியா ரிப்போர்ட் குடுத்தீங்கன்னா எனக்கும் பேஜார் இல்ல, இவருக்கும் பணம் வந்துடும்."

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். வெளியே கத்திரி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏ.சி. நின்றுபோய், மூடி வைத்த இட்லிப் பானை மாதிரி அறை புழுங்கியது. தேங்கிய தண்ணீரை விரலால் தொட்டாள்.

"இது எப்போ ஊத்தின தண்ணி?"

"வெள்ளிக்கிழமை சாயந்திரம்."

"உங்க வீட்டு வாசல்ல காலையில தண்ணி தெளிக்கிறாங்களே, எவ்வளவு நேரம் நிக்கும்?"

மாணிக்கவேல் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "அது வாசல் மேடம். வெயில் அடிக்குது. இது பூட்டின ரூமு."

"சரிதான்" என்று அதை அப்படியே விட்டுவிட்டாள்.

மிஷினின் மேல் தட்டைத் தடவினாள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு விரலில் ஒட்டியது. பளபளவென்று இருந்த தட்டில் துரு பொட்டுக்கூட இல்லை. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்தே விட்டாள். டார்ச் வெளிச்சத்தில் மிஷினின் அடிப்பக்கம் தெரிந்தது. கால், தண்டவாளம், அட்டையில் துளை போடும் ஊசிகளின் முனை, எல்லாம் சிவந்து கிடந்தன. ஊசிகளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். அவற்றில் எண்ணெயே இல்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். மின்சாரப் பலகைகளுக்கு நடுவே சின்னச் சின்ன வலைப் பைகள் தொங்கின. உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள், ரோஸ் நிறத்தில், முழுசு முழுசாக இருந்தன. ஒரு பையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எழுந்து புடவையைத் தட்டியபோது கமலக்கண்ணன் சொம்பில் தண்ணீரோடு நின்றார். ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு, சுருக்கம் விழாத வெள்ளைச் சட்டை. மூன்று தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்த குடும்பம். அவரும் பதினைந்து வயதில் தறிக்குழியில் இறங்கியவர்தான்.

"காப்பி சொல்லட்டுங்களா?"

"தண்ணி போதும்."

கைப்பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து டம்ளர் வாயில் கட்டி, தண்ணீரை வடிகட்டிக்கொண்டே கேட்டாள். வடிகட்டாத தண்ணீர் அவள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை.

"மிஷினை யார் யார் ஓட்டுவாங்க?"

"அவன் ஒருத்தன்தாங்க. எனக்கு அதுல கை வெக்கவே தெரியாது. கண்ணாடி வழியாப் பாக்கறதோட சரி."

"மாத்துச் சாவி?"

"ஒண்ணு இருந்துச்சு. எப்பவோ தொலைஞ்சு போச்சு."

"அவசர ஆர்டர் ஏதாவது?"

"காஞ்சிபுரம் பார்ட்டிங்க, கல்யாண டிசைன். ஏற்கெனவே லேட்டு. இந்த வெயில்ல அட்டையெல்லாம் சுட்ட அப்பளமாட்டம் சுருண்டுகினு, கிளிப்புல நிக்கவே மாட்டேங்குது. அந்த ரோதனை போதாதுன்னு இவன் வேற இப்டிப் பண்ணிட்டான்."

அவள் அடுத்ததைக் கேட்பதற்குள் பின்கட்டிலிருந்து ஒரு பெண் தடதடவென்று வந்தாள். பாஞ்சாலை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறிக்கூடத்தில் நெய்பவள்.

"ஏங்க, காத்தாலேர்ந்து பாவு இழை அறுந்துகினே கீது! ஒரு சாண் நெய்யல நானு. அந்தச் சாக்கு..."

"இங்க இன்னா நடந்துகினு இருக்குது, உனக்கு உன் பாவு பெரிசாப் போச்சா? போம்மா!"

"பாவுல கறை பட்டா நாளைக்கு என் கூலியிலதான பிடிப்பீங்க!"

"போன்னு சொல்றேன்ல!"

பாஞ்சாலை முணுமுணுத்துக்கொண்டே போனாள். மாணிக்கவேல் கடிகாரத்தைப் பார்த்தார். மாலினி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அடுத்து சம்பந்தம். கமலக்கண்ணனின் மனைவிக்குத் தம்பி, இங்கே மேற்பார்வை. ஒட்ட வெட்டிய மீசையும் ஓயாத வாயும் உள்ளவன்.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், ரயில்வே ஆர்டர் வந்த அன்னிக்கே இவன்கிட்டேர்ந்து சாவிய வாங்குங்க மாமான்னு. கேட்டாரா? எனக்காவது கத்துக்குடுடான்னேன். 'முதல்ல துடைக்கக் கத்துக்குங்க, அப்புறம் ஓட்டக் கத்துக்கலாம்'னு நக்கல் பண்ணான்!"

"சனி, ஞாயிறு நீங்க எங்க?"

"போளூர்ல. எனக்குப் பொண்ணு பாக்க எங்கக்காவோட போனேன். இன்னிக்குக் காலைலதான் ரெண்டு பேரும் வந்தோம். வேணும்னா தரகரைக் கேளுங்க."

"நீங்க நெசவு செய்வீங்களா?"

"நானா?" சம்பந்தம் சிரித்தான். "எங்கப்பா ஜவுளி வியாபாரம். தறிக்குழில கால் வெச்சதே இல்ல மேடம். எங்கக்காவும் அப்படித்தான்."

"அப்போ வீட்டுல ஞாயித்துக்கிழமை மாமா மட்டும்தானா?"

"மாமா மட்டும்தான். பாவம், கடைச் சாப்பாடு."

கடைசியாகச் சிவகுமார். போளூர்ப் பக்கத்து ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிய அப்பாவின் பிள்ளை, ஐ.டி.ஐ. படித்தவன். மூன்று வருஷமாக இந்த மிஷினுக்கு ஆயாவும் அம்மாவும் அவன்தான்.

"வெள்ளிக்கிழமை என்ன செஞ்ச? ஒண்ணுவிடாம சொல்லு."

"எப்பவும் செய்யறதுதாங்க. ஊசி, தட்டு எல்லாத்துக்கும் சன்னமா எண்ணெய் பூசினேன். திரும்ப ஓட்டறப்போ ஊசிய மட்டும் தொடைச்சிடுவேன், இல்லன்னா அட்டைல கறை படும். மணிப் பையெல்லாம் சட்டில வறுத்து மாட்டினேன்."

"வறுத்தியா?" என்றார் மாணிக்கவேல்.

"ஈரம் இழுக்கற மணி சார். காஞ்சிருந்தா நீலமா இருக்கும். ஈரம் ஏறினா ரோஸாயிடும். வறுத்தா திரும்ப நீலம். ஒரு டப்பா எப்பவும் ஸ்பேர் வெச்சிருப்பேன்."

"அப்புறம்?" என்றாள் மாலினி.

"ஏ.சி.ய நிறுத்திட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். சில்லுனு இருக்கற இரும்பு மேல வெளிக்காத்து பட்டா வேர்த்துடுங்க. இரும்போட ஜில்லுப்பு போனப்புறம்தான் கதவைத் தொறப்பேன். வெயில் காலத்துல மிஷினை மழை கெடுக்காது மேடம், வேர்வைதான் கெடுக்கும்."

"வெயில்ல அட்டை சுருளுமாமே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "யார் சொன்னாங்க? அட்டைக் கட்டைப் பிரிச்ச உடனே பிளாஸ்டிக் பையில கட்டிடுவேன். வேணுங்கறதை மட்டும் எடுத்து மாட்டுவேன். வெளில போட்டு வெச்சாத்தான் சுருளும். மூணு வருஷத்துல ஒரு அட்டைகூட கிளிப்பை உட்டு எகிறினதில்ல."

மாலினி தலையாட்டினாள். மாணிக்கவேல் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"படவேட்டுல விசாரிச்சுட்டேன் மேடம். வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தான். இன்னிக்கு விடிகாலை பஸ்லதான் கிளம்பினான். நடுவுல ஊரைவிட்டு அசையல. குடும்பமே கூட இருந்திருக்குது. ஆனா அதனால இன்னா? ஊத்தினது வெள்ளிக்கிழமையாச்சே."

"வெள்ளிக்கிழமைன்னு யார் சார் சொன்னது?"

"முதலாளிதான்."

"மிஷின் என்ன சொல்லுதுன்னும் கேட்கலாம்."

மணி மூன்று ஆனது. மாலினிக்குள் ஒரு பதைப்பு இருந்தது. மிஷின் பொய் சொல்லாது; ஆனால் ஐந்து மணிக்குள் அதைப் பேச வைக்க வேண்டுமே! ஒரு பிள்ளையின் வாழ்க்கை போலீஸ்காரரின் பேனா முனையில் தொங்குகிறது. அந்தப் பேனாவோ அரிப்பெடுத்துச் சட்டைப் பையைவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தது.

டம்ளரில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடிக்கப் போனவள் நின்றாள். காய்ந்த துணியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு உவர்ப்பு. துணியையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கண்ணாடி அறைக்குள் போய் மறுபடியும் படுத்தாள்.

காலையில் ஈரமாக இருந்த சிவப்புச் சிமெண்ட் தரை, கதவு திறந்து கிடந்ததில் நன்றாகக் காய்ந்திருந்தது. மிஷினுக்கு நேர் கீழே, வாளித் தண்ணீர் எட்டாத இடத்தில், வெள்ளை உப்பு பூத்திருந்தது. தண்ணீர் தேங்கிக் காய்ந்தால் வட்டம் வட்டமாகப் படியும். இதுவோ பாய் விரித்தாற்போல நீள் சதுரம். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாய்ச் சன்ன ரேகைகள் ஓடின.

எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். தறிக்கூடத்துக்கு வேறு வழி இல்லை. மூன்று பக்கமும் சுவர், வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும்.

பாஞ்சாலை குழியில் கால்களைத் தொங்கவிட்டு, அறுந்த இழைகளைத் திட்டியபடியே முடிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, காலையில சாக்குன்னு ஏதோ சொன்னீங்களே?"

"அப்பாடா, ஒருத்தராவது கேட்டீங்களே!" அவள் குழிக்குள்ளிருந்து ஒரு கோணியை இழுத்து எறிந்தாள். "இந்த வெயில்ல பட்டு காஞ்சா பட்டு பட்டுனு அறுந்துடும். அத்தொட்டு பாவுக்கு அடில சாக்கை நனைச்சுப் போடுவோம். கீழேர்ந்து குளுமை ஏறி இழை பதமா நிக்கும். சனிக்கிழமை சாயந்திரம் நல்லாத் தோய்ச்சு விரிச்சுட்டுப் போனேன். ஞாயித்துக்கெழம லீவு. இன்னிக்கு வந்து பாத்தா ரெண்டு சாக்கும் மாறித் தாறுமாறாக் கெடக்குது, எண்ணெய் நாத்தம் குடலைப் பொரட்டுது. தறியில எங்க கீது எண்ணெய்? தோ பாருங்க, எம் பாவுல கறை!"

மாலினி கோணியை மூக்கருகே கொண்டுபோனாள். மிஷின் எண்ணெய். ஒரு மூலையில் கருப்பாக, எதையோ துடைத்த தடம் இருந்தது.

"சனிக்கிழமை சாயந்திரம் எண்ணெய் வாடை இல்லையே?"

"என் கையால தோய்ச்சேன்றேன்!"

"என்கூட முன்னால வர்றீங்களா? இதை எடுத்துக்கிட்டு."

நாலரை மணிக்குக் கண்ணாடி அறை வாசலில் எல்லோரும் கூடினார்கள். மாணிக்கவேல் எஃப்.ஐ.ஆர். காகிதத்தைத் தொடை மேல் விரித்துவிட்டார். மாலினி ஒரு டம்ளரில் தண்ணீர் கேட்டாள். சிவகுமாரின் டப்பாவிலிருந்து நீல மணிகள் நாலைந்தை எடுத்தாள்.

"சார், கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க."

மணிகளைத் தண்ணீருக்குள் போட்டாள். பட், பட் என்று தாளித்த கடுகு மாதிரி வெடித்தன. டம்ளரின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி நொறுங்கல்தான் மிஞ்சியது.

"அடேங்கப்பா!" என்றார் மாணிக்கவேல்.

"காஞ்ச மணி மேல தண்ணி நேராப் பட்டா இப்படித்தான் நொறுங்கும். வெள்ளிக்கிழமை வறுத்து மாட்டின மணி இது." கைப்பையிலிருந்து வலைப் பையை எடுத்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். "ஒண்ணாவது உடைஞ்சிருக்கா? எல்லாம் முழுசு, எல்லாம் ரோஸ். தண்ணி படல சார். ஈரக்காத்து பட்டிருக்கு. மெதுவா, ரொம்ப நேரம்."

"அப்போ வாளி?"

"அது நாடகம். மேலேர்ந்து ஊத்தியிருந்தா மேல் தட்டுல தண்ணித் தடமாவது இருந்திருக்கணும். அது பளபளன்னு இருக்கு, துரு ஏறினது அடியில. ஈரம் தரையிலேர்ந்து மேல ஏறியிருக்கு. வெள்ளிக்கிழமை தண்ணி இந்த வெயில்ல திங்கட்கிழமை வரைக்கும் நிக்காது. பூட்டின ரூமா இருந்தாலும் ரெண்டு முழுப் பகல் போயிருக்கே! வாளித் தண்ணிய இன்னிக்கு விடியறப்போதான் யாரோ கொட்டியிருக்காங்க."

சம்பந்தத்தின் வாய் முதல் முறையாக மூடியது.

"மிஷினுக்குக் கீழ தரையைப் பாருங்க. உப்பு பூத்த தடம். கோணி நெசவு அப்படியே அச்சு விழுந்திருக்கு. அம்மா, அந்தச் சாக்கை விரிங்க."

பாஞ்சாலை விரித்தாள். மாணிக்கவேல் மண்டியிட்டுக் கோணியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். நீளமும் அகலமும் கட்டமும் பொருந்தின. எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"மிஷினுக்கு அடில எவனாவது ஈரச் சாக்கைப் போடுவானா?"

"சிவகுமார் போடமாட்டான். மெக்கானிக் போடமாட்டான். இரும்பு தெரிஞ்சவன் எவனும் போடமாட்டான்." மாலினி நிறுத்தினாள். "நெசவு தெரிஞ்சவன் போடுவான். இழை காஞ்சு அறுந்தா சாக்கை நனைச்சுப் போடறதுதானே வழக்கம்? அட்டை காஞ்சு சுருண்டுக்கிட்டு நின்னா, அந்தக் கை வேற எதைத் தேடிப் போகும்?"

கோணியின் கருப்பு மூலையைத் தூக்கிக் காட்டினாள்.

"சனிக்கிழமை சாயந்திரம் இந்தச் சாக்குல எண்ணெய் இல்ல. இன்னிக்குக் காலையில இருக்கு. ஊசியில பூசின எண்ணெயை இதாலதான் துடைச்சிருக்காங்க, அட்டையில கறை படக்கூடாதுன்னு. அதாவது நேத்து யாரோ மிஷினை ஓட்டப் பார்த்திருக்காங்க. நேத்து சிவகுமார் படவேட்டுல மொட்டை போட்டுக்கிட்டிருந்தான். அது உங்க விசாரணையிலேயே இருக்கு சார். தறிக்கூடத்துக்கு வீட்டு வழியாத்தான் போகணும். சம்பந்தமும் அவர் அக்காவும் போளூர்ல. ரெண்டு பேரும் தறிக்குழில கால் வெச்சதில்ல."

மாணிக்கவேல் மெல்லத் திரும்பினார். கமலக்கண்ணனின் சுருக்கம் விழாத சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேடம், வெறும் சாக்கை வெச்சுகினு..." என்றார் அவர்.

"சாக்கை வெச்சு மட்டும் இல்லீங்க. கை வெக்கவே தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அடுத்த மூச்சுல, அட்டை சுருண்டு கிளிப்புல நிக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்க. சிவகுமார் ஓட்டின மூணு வருஷத்துல அட்டை சுருண்டதே இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும்? பிளாஸ்டிக் பையைப் பிரிச்சுப் போட்டு, கையால மாட்டி, அது எகிறி எகிறி விழுந்து பேஜாரானவருக்குத்தான் தெரியும்."

கமலக்கண்ணன் உட்கார்ந்துவிட்டார். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தரையில் வைத்தார். தொலைந்துபோன மாற்றுச் சாவி.

"ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் கேட்டான் மேடம், பையன் போயிட்டா மிஷினை யாரு ஓட்டுவான்னு. அட்டையோடயே பொறந்து வளர்ந்தவன் நான். என்னால ஆவாதான்னு நேத்து மத்தியானம் உள்ள போனேன். நல்லா ஏ.சி. போட்டுகினேன். அட்டை சுருண்டுகினே இருந்துச்சு. ராத்திரி பூரா பதமாவட்டும்னு சாக்கைத் தோய்ச்சு, ஊசி எண்ணெயை அதாலயே தொடைச்சு, அடில விரிச்சு, ஏ.சி.ய நிறுத்தி, மூடி வெச்சுட்டுப் போனேன்."

"ஜில்லுனு இருந்த இரும்பு, அடியில ஈரம், ரூமுக்குள்ள புழுக்கம்" என்றாள் மாலினி. "விடிய விடிய வேர்த்திருக்கும்."

"இன்னிக்கு விடிகாலை பாத்தா பொட்டு பொட்டா நிக்குது. பயத்துல சுவிட்சைப் போட்டேன். பட்டுனு ஒரு சத்தம், பொகை. அவ்ளோதான். சாக்கைத் தறிக்கே கொண்டுபோய்ப் போட்டுட்டு, வாளியைக் கவுத்து வெச்சேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெசவுக்காரன் ஈரச் சாக்கைப் போட்டு மிஷினைக் கொன்னான்னு ஊரே சிரிக்குமே மேடம்! நான் எப்படித் தெருவுல நடப்பேன்? அவன் எப்படியும் போறவன்தானேன்னு..."

"அதுக்கு என்னைக் கொன்னுடலாமா மொதலாளி?"

சிவகுமார் எழுந்து நின்றிருந்தான். காலையிலிருந்து வராத அழுகை இப்போது பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பன் மூட்டை தூக்கின காசுல படிச்சேன். இந்த வேலைக்கு அஞ்சு தடவை பரிட்சை எழுதினேன். உங்களுக்குத் தெருவுல நடக்க வெக்கம்னு என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா நின்னு கத்துக்குடுத்துட்டுப் போயிருப்பேனே!"

மாணிக்கவேல் எஃப்.ஐ.ஆர். காகிதத்தை நாலாகக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"பொய்ப் புகாருக்கு என்ன செக்‌ஷன்னு தெரியுமாய்யா உனக்கு? நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வா, சொல்றேன். தம்பி, நீ கெளம்பு. உன் வெரிஃபிகேஷன் பேப்பர் என்கிட்டதான் வரும். நான் பாத்துக்கறேன்."

மாலினி தன் காகிதத்தில் இரண்டு வரி எழுதினாள். இழப்பீடு கிடையாது என்பது இரண்டாவது வரி. சமண வழக்கப்படி பொழுது சாயுமுன் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாட்டு டப்பா இன்னும் ஸ்கூட்டியிலேயே இருந்தது.

"எல்லாம் சரி, எம் பாவுக்கு யாரு பதில்?" என்றாள் பாஞ்சாலை. "கறைக்கு என் கூலியில கை வெச்சீங்கன்னா நானும் ஸ்டேஷனுக்கு வருவேன், ஆமா."

"வெக்க மாட்டேம்மா" என்றார் கமலக்கண்ணன், தரையைப் பார்த்தபடியே.

சிவகுமார் தன் சாவியை எடுத்து மாற்றுச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தான். வாசற்படியில் ஒரு காலை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சிவா... இது பொழைக்குமா?"

மூன்று வருஷத்தில் அவர் மிஷினைப் பற்றி அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது. சிவகுமார் படியிலேயே நின்றான். தலையில் காய்ந்திருந்த சந்தனத்தைப் புறங்கையால் தட்டிவிட்டான்.

"ஊசியெல்லாம் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப் போடுங்க. கருகின போர்டை மாத்தணும், அதுக்கு கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் உள்ள ஒரு குண்டு பல்பு எரியட்டும், அந்தச் சூடு போதும், ஈரம் அண்டாது." பிறகு அவரை நேராகப் பார்த்தான். "இதை நேத்தே கேட்டிருக்கலாம் மொதலாளி."

சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை.